பந்தி விசாரணை

திருச்சபைக்குள் மூண்ட முதல் சண்டை சாப்பாட்டை வைத்துத்தான் மூண்டது. அப்போஸ்தலர் நடபடிகள், ஆறாம் அதிகாரம். எருசலேமில் அவரவர் நிலபுலத்தை விற்றுப் பொதுவில் போட்டு, விதவைகளுக்குத் தினப்படி சாப்பாடு கொடுத்துவந்த காலம் அது. சபையில் இருந்த கிரேக்கம் பேசுகிற யூதர்கள் எபிரேயர்மேல் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு விதவைகளை மட்டும் யாரும் கவனிக்கிறதில்லை என்பது அவர்கள் குறை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியையும் மற்றவர் பந்தியையும் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை.

அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டினார்கள். பிரசங்கத்தை விட்டுவிட்டு நாங்கள் பந்தி விசாரித்துக்கொண்டிருப்பது சரிப்படாது, நல்ல பெயரெடுத்த ஏழு பேரை நீங்களே தெரிந்தெடுங்கள் என்றார்கள். அப்படித் தெரிந்தெடுத்த பெயர்களை வாசித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலாவு. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன தரப்பின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். விசாரணைக் கமிஷன் வைத்திருக்கலாம், இரண்டு தரப்பிலும் பாதிப் பாதி ஆள் போட்டிருக்கலாம். அதெல்லாம் செய்யவில்லை. பிரசங்கங்களில் ஸ்தேவான் கல்லடிபட்டுச் செத்ததை உருக்கமாகச் சொல்வார்கள். அவர் முதலில் சாப்பாட்டுக் கமிட்டி மெம்பர் என்பதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் முக்கியமாகப் படுகிறது. ஏழைக்குச் சோறு கொண்டுபோகிற சபை எதுவானாலும், எந்த நூற்றாண்டானாலும், கரண்டி யார் கையில் இருக்கிறது என்று பார்த்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும்.

எங்கள் பக்கத்துச் சபைச் சேகரங்களில் நிவாரணம் என்றால் அதற்கென்று ஒரு நடைமுறை உண்டு. ஞாயிறு ஆராதனையில் அறிவிப்பு வரும். பெண்கள் ஐக்கிய சங்கம் அரிசியும் காசும் சேர்க்கும். வாலிபர் சங்கம் பொட்டலம் கட்டும். சமைத்த சாப்பாடு என்றால் புளியோதரை, இல்லாவிட்டால் எலுமிச்சம்பழச் சாதம். சாம்பார் சாதம் போய்ச்சேர்வதற்குள் ஊசிப்போகும் என்பது பட்டுத் தெரிந்த பாடம். பொருளாகக் கொடுப்பதென்றால் ஐந்து கிலோ அரிசி, துவரம் பருப்பு, எண்ணெய் பாக்கெட், வத்தல்பொடி, தேயிலை, சோப்பு, ஒரு போர்வை. வாடகைக்கு ஒரு குட்டி யானை வண்டி பிடிப்பார்கள். அதன் முகப்பில் பிளெக்ஸ் பேனர். ஐயர், அதாவது எங்கள் சபைக் குருவானவர், வண்டிக்கு முன்னால் நின்று ஜெபம் பண்ணி அனுப்பிவைப்பார். போய் இறங்கினதும் அங்கே இன்னொரு ஜெபம், டோக்கன், வரிசை, முதல் பொட்டலத்தை வாங்குகிற பாட்டியைச் சற்றே முகத்தைத் திருப்பச் சொல்லி ஒரு படம். இடது கைக்குத் தெரியாமல் கொடுக்கச் சொன்னவரின் பெயரால் கொடுக்கிறோம். இடது கையில் செல்போன் இருக்கிறது.

இதைக் கேலி செய்வது சுலபம். வீட்டில் உட்கார்ந்து கேலி செய்கிறவரைவிட, இடுப்பளவுத் தண்ணீரில் பொட்டலத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்த வாலிபர் சங்கத்துப் பையன் பல மடங்கு மேல். படம் எடுப்பதிலும் ஒரு நியாயம் இருக்கிறது. வளைகுடாவிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் பணம் அனுப்பினவர்களுக்குக் கணக்கு காட்டவேண்டும். கணக்கு காட்டாமல் காணாமல்போன நிவாரணங்களின் கதை ஊருக்கு ஒன்று உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. வாங்குகிறவர்கள் நிற்கிறார்கள், கொடுக்கிறவர்களும் நிற்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் நூற்றுக்கணக்கான பொட்டலங்கள் கைமாறிவிடுகின்றன. அத்தனை நேரமும் ஒருவர்கூட உட்காருவதில்லை.

ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த கதையில், அற்புதம் நடப்பதற்கு முன்னால் இயேசு செய்கிற காரியம் ஜனங்களை உட்காரவைப்பது. மாற்கு இந்த இடத்தைக் கொஞ்சம் ரசித்தே எழுதியிருக்கிறார். புல் பச்சையாக இருந்தது என்று நிறத்தைச் சொல்கிறார். நூறும் ஐம்பதுமாக வரிசை பிரிந்து உட்கார்ந்ததைச் சொல்கிறார். சீஷர்களின் யோசனை வேறாக இருந்தது. இருநூறு பணத்துக்கு வெளியிலிருந்து அப்பம் வாங்கினாலும் காணாதே என்று கணக்குப் பார்த்தார்கள். நிவாரணக் கமிட்டியின் முதல் கூட்டம் அதுவாகத்தான் இருக்கவேண்டும். கடைசியில் அப்பம் வெளியிலிருந்து வரவில்லை. கூட்டத்தில் இருந்த ஒரு பையன் கையிலிருந்து வந்தது, அதுவும் வாற்கோதுமை அப்பம் என்று யோவான் குறிப்பாகச் சொல்கிறார். கோதுமைக்கு வழியில்லாதவர்கள் வீட்டில் சுடுவது அது.

அதே யோவான் மறுநாள் கதையையும் மறைக்காமல் எழுதிவைத்தார். சாப்பிட்ட ஜனம் படகேறித் தேடிக்கொண்டு வருகிறது. அப்பம் தின்று வயிறு நிறைந்ததால்தான் நீங்கள் என்னைத் தேடுகிறீர்கள் என்று இயேசு முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறார். சோறு கொண்டுபோகிற ஊழியத்தின் அடிவயிற்றில் இந்தச் சந்தேகம் அன்றிலிருந்து கிடக்கிறது. வருகிறவன் எதற்காக வருகிறான்?

தென்னிந்திய மிஷன்களை அந்தச் சந்தேகம் பிடித்து உலுக்கியது தாது வருஷப் பஞ்சத்தில். 1876இல் மழை பொய்த்துத் தொடங்கி 1878 வரை நீண்ட பஞ்சம். செத்தவர்கள் அரைக்கோடிக்குமேல் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வைஸ்ராய் லிட்டன் பிரபுவின் அரசு அனுப்பிவைத்த சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வருகிற ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், இதைத் தின்று உடலுழைப்பு செய்கிறவன் உயிரோடு இருக்கமுடியாது என்று அரசாங்கத்துக்குள்ளிருந்தே எதிர்த்து வாதாடினார். லண்டனில் மேன்ஷன் ஹவுஸ் நிதி என்று ஒரு பெருந்தொகை திரண்டது. அதைப் பங்கிட்ட உள்ளூர்க் கமிட்டிகள் பலவற்றில் மிஷனெரிகள் உட்கார்ந்திருந்தார்கள். திருநெல்வேலியில் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல்லும் சார்ஜென்ட்டும் துணைப் பேராயர்களாக அபிஷேகம் பெற்றது அந்த 1877ஆம் வருஷத்தில்தான். பஞ்சத்தோடு பஞ்சமாக ஆயிரக்கணக்கானோர் சபைக்குள் வந்தார்கள். கூடவே ‘அரிசிக் கிறிஸ்தவர்கள்’ என்ற ஏளனமும் வந்தது.

பட்டினி கிடந்தவன் சோறு போட்டவனோடு போய்ச் சேர்ந்துகொண்டான் என்பதில் ஏளனம் செய்ய என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. சோறு போடாதவர்கள்தான் அந்தப் பெயரை அதிகம் சொன்னார்கள். ஆனால் சோறு போட்டவர்களுக்கும் அது உறுத்தியது. அந்த உறுத்தலோடு ஒருவர் என்ன செய்தார் என்பது ஓங்கோல் கதை.

அன்று சென்னை மாகாணத்தில் இருந்த ஓங்கோலில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்கப் பாப்டிஸ்ட் மிஷனெரி இருந்தார். நில அளவை தெரிந்தவர். பஞ்சத்தில் அரசு பக்கிங்காம் கால்வாய் வேலையை நடத்தியபோது, மூன்றரை மைல் நீளத்தை அவர் குத்தகைக்கு எடுத்தார். அரசு வேலைத்தலங்களில், தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்டிருந்த மாதிகர்களை மேஸ்திரிகள் படுத்திய பாடுதான் காரணம். மேஸ்திரிகள் மேல்சாதிக்காரர்கள், கூலியில் பிடித்தம், வாயில் வசவு. கிளஃப் தம்முடைய பிரசங்கிகளை மேஸ்திரிகளாகப் போட்டார். அவர்களில் பெரும்பாலோர் மாதிகர்கள். மண் சுமக்கிறவனும் மண்ணை அளந்து கூலி போடுகிறவனும் ஒரே சேரியிலிருந்து வந்தவர்கள். சாயங்காலமானால் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கும்பலாக உட்கார்ந்து பேசினார்கள்.

இரண்டாவது காரியம் இதைவிடக் கடினமானது. பஞ்சம் முடியும்வரை யாருக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று நிறுத்திவைத்தார். கேட்டுக் கேட்டுத் திரும்பிப்போனார்கள். ஒரு வருஷத்துக்கு மேலாக இப்படி. நிவாரணம் முடிந்து, இனிக் கொடுக்க என்னிடம் ஒன்றுமில்லை என்று சொல்லியும் அவர்கள் போகவில்லை. 1878 ஜூலை 3ஆம் தேதி குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். ஆறு பிரசங்கிகள், இரண்டிரண்டு பேராக முறைவைத்து ஆற்றில் இறங்கிக் கொடுத்தார்கள்.

மிஷன் சரித்திரங்களில் அந்த 2,222 என்ற எண்ணைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். நான் அந்த மேஸ்திரி வேலையைத்தான் பெரிதாக நினைக்கிறேன். ஒரு மாதிகன் இன்னொரு மாதிகனுக்கு முழுக்கூலி அளந்து கொடுத்ததை அந்த ஜனங்கள் அதற்கு முன் பார்த்திருக்க வழியில்லை. கூலி எல்லா வேலைத்தலத்திலும்தான் கிடைத்தது. அளந்து போடுகிற கை யாருடையது என்பதில்தான் வித்தியாசம் இருந்தது.

சோற்றை வைத்துச் சோதனை நடத்துவதில் மிஷனெரிகளுக்குப் பழைய ஈடுபாடு உண்டு. 1850இல் சென்னை மிஷனெரி மாநாடு சாதியைப் பற்றி ஒரு தீர்மானம் போட்டது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் காணாது. எந்தச் சாதிக்காரர் சமைத்ததையும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டவேண்டும் என்றது. தீர்மானம் சரியானதுதான். தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் ஒரே கோயிலுக்குள் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே கர்த்தரைத் தொழுதுகொண்டிருந்தவர்களுக்கு இந்த மருந்து தேவையாகவே இருந்தது. ஆனால் மருந்தை எழுதிக் கொடுத்தவர்களில் பலர் தாங்கள் அதைச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. உபதேசியார் வீட்டில், அவர் மனைவி பொங்கிய சோற்றுக்குத் துரைமார்கள் எத்தனை தரம் உட்கார்ந்தார்கள் என்று யாரும் தீர்மானம் போடவில்லை.

அறுபது வருஷம் கழித்து அதை ஒருவர் கேட்டார். 1910 ஜூன், எடின்பரோ. உலக மிஷனெரி மாநாட்டுக்கு ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். அதில் ஆசியர்கள் இருபது பேர் அளவில்தான். அவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயருக்குப் பிள்ளையாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. அப்போது வயது முப்பத்தைந்து. அந்நிய மிஷனெரிகளும் உள்ளூர் ஊழியர்களும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. இந்தியாவின் பல பாகங்களைச் சுற்றிப் பார்த்தேன், இரண்டு தரப்புக்கும் நடுவில் ஒட்டுதல் இல்லை என்று மரியாதையாக ஆரம்பித்தார். முடிக்கும்போது பவுலின் அன்பு அதிகாரத்தை எடுத்து மிஷனெரிகளுக்கு நேராகத் திருப்பினார். ஏழைகளுக்கு அன்னம் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், அதற்கு இந்தியச் சபை என்றும் நன்றியோடு இருக்கும். ஆனால் நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்பது அதன் சாரம். அந்த அதிகாரத்தை நாம் கல்யாணங்களில் வாசித்து வாசித்து மல்லிகைப்பூ வாசனை அடிக்க வைத்துவிட்டோம். அன்றைக்கு அந்த மண்டபத்தில் இருந்த பலருக்கு அது இனிக்கவில்லை.

இத்தனைக்கும் அசரியா சோறு வேண்டாம் என்று சொல்லவில்லை. பஞ்சம் நடந்த சீமையில் பிறந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். சோறு போட்டவர் எழுந்து போய்விடுகிறார் என்றுதான் சொன்னார்.

அவர் கேட்ட நட்பு வந்துசேர இன்னும் நாளானது. அதற்குள் நட்பின் படம் வந்துவிட்டது. 1950களிலும் 60களிலும் அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் மிச்சக் கோதுமையும் பால் பவுடரும் கப்பலேறி வந்து, ஒரு பங்கு சர்ச்சுகள் வழியாக ஏழைகளுக்குப் போனது. சாக்கிலும் டின்னிலும் இரண்டு கைகள் குலுக்கிக்கொள்ளும் சின்னம் அச்சடித்திருக்கும். அந்தப் பால் பவுடரைக் காகிதத்தில் வாங்கி நாக்கால் நக்கித் தின்ற ருசியை எழுபது வயதுக்காரர்கள் இன்னும் சொல்வார்கள். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமாம். கொடுத்தது யார் என்று கேட்டால் சாமியார் என்பார்கள், இல்லாவிட்டால் அமெரிக்காக்காரன் என்பார்கள். அந்த இரண்டு கைகளில் ஒன்று தன்னுடையது என்று அவர்களில் யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அசரியா எடின்பரோவில் பேசுவதற்கு முன்பே வேறு பக்கம் வேலையைத் தொடங்கியிருந்தார். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உண்டானது. ஆள் நம்முடையது, பணம் நம்முடையது, நிர்வாகம் நம்முடையது என்பது சங்கத்தின் கொள்கை. நைஜாம் சீமையில் இருந்த தோர்ணக்கலுக்கு அவரே மிஷனெரியாகப் போனார், தெலுங்கு படித்துக்கொண்டு. 1912இல் அங்கேயே பேராயரானார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அவருடைய சபையில் பெரும்பாலோர் மாலர், மாதிகர். கூலிக்காரர்கள், கொத்தடிமையாக இருந்தவர்கள். அந்த ஜனத்திடம் அவர் காணிக்கை கேட்டார். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டுவரப் பெண்களைப் பழக்கினார். இல்லாதவர்களிடம் போய்க் கேட்பதா என்று முகம் சுளிக்கத் தோன்றும். யோசித்தால், இல்லாதவன் என்று சொல்லி ஒருவனிடம் எதையும் கேட்காமலே இருப்பதைவிடப் பெரிய அவமானம் இல்லை. பிடி அரிசி போடுகிறவள் மறுநாள் சபைக்கூட்டத்தில் கணக்கு கேட்கலாம். பொட்டலம் வாங்குகிறவள் கேட்க முடியாது.

இது தோர்ணக்கலோடு நிற்பதும் இல்லை, கிறிஸ்தவர்களோடு நிற்பதும் இல்லை. காஞ்சிப் பெரியவர் பிடி அரிசித் திட்டம் நடத்தினார். மிசோரத்தில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் ஒவ்வொரு வேளைச் சமையலிலும் ஒரு பிடி எடுத்து வைப்பது நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கிறது. அந்தப் பிடி அரிசியை விற்ற பணத்தையும் கொண்டு மிஷனெரிகளை வெளியூருக்கு அனுப்புகிறார்கள். பெரும் பணக்காரர்கள் இல்லாத மலைநாடு இந்தியாவின் பல மூலைகளுக்கு ஆள் அனுப்புகிற இரகசியம் அந்தப் பானையில் இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதற்கு இணையாகச் சொல்ல அசனம் இருக்கிறது. தேரிக்காட்டுக் கிராமங்களில் ஸ்தோத்திரப் பண்டிகை, பிரதிஷ்டைப் பண்டிகை என்று ஏதாவது ஒன்றை ஒட்டி ஊரே சேர்ந்து பொங்கிச் சாப்பிடுகிற விருந்து. கத்தோலிக்கர்களிடமும் உண்டு, புளியம்பட்டி அந்தோணியார் கோயில் அசனம் பேர்பெற்றது. தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரித்து, நேர்ச்சை ஆடுகளைச் சேர்த்து, முதல்நாள் ராத்திரியே அடுப்பு வெட்டிவிடுவார்கள். சோறு வடித்து ஓலைப்பாயில் மலையாகக் கொட்டியிருக்கும். பெரியவர் ஒருவர் நீளக் கரண்டியோடு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று உப்பு பார்ப்பார். அவர் வாயில் விட்டுத் தலையாட்டினால்தான் பந்தி. பம்பாயிலிருந்து காரில் வந்தவரும் பனையேறி மகனும் ஒரே ஆட்டுக்குழம்பைச் சாப்பிடுவார்கள். பக்கத்து ஊர் இந்துக்களும் முஸ்லிம்களும் வருவார்கள், தூக்குவாளியில் வாங்கிக்கொண்டும் போவார்கள். அதற்கு யாரும் டோக்கன் கேட்டதில்லை. இதை அழகாக மட்டும் சொல்லிவிட்டால் பொய்யாகிவிடும். அசனம் பல இடங்களில் ஒரு சாதியின் அசனம்தான். கோயில் ஒரு சாதியின் கோயிலாக இருப்பதைப்போல. காலனிக்காரர்கள் கடைசிப் பந்திக்கு வந்து பின்பக்கமாகப் போகிற ஊர்களும் உண்டு. 1850 தீர்மானத்துக்கு இன்னும் வேலை இருக்கிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில், தண்டவாளம் அரித்துப்போனதால் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. ஏறத்தாழ எண்ணூறு பயணிகள். பக்கத்திலிருந்த புதுக்குடிக்காரர்கள் கோயிலில் அடுப்பு மூட்டி, தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பொங்கி அவர்களுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். அந்த ஊரைச் சுற்றியும் வெள்ளம்தான். நிவாரணம் வாங்கவேண்டிய பட்டியலில் இருந்த ஊர் அது.

தண்ணீர் வடிந்த பிறகு நாங்கள் ஆற்றுக்கரைக் காலனி ஒன்றுக்குப் போனோம். சுவரில் ஆள் உயரத்துக்குச் சேற்றுக்கோடு. இலவம்பஞ்சுத் தலையணைகள் ஊதிப்போய்க் கூரையில் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பிள்ளை நோட்டுப் புத்தகத்தின் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள், எழுத்தெல்லாம் நீலமாகக் கரைந்திருந்தது. குட்டி யானையில் புளியோதரைப் பொட்டலம். ஆனால் காலனி நடுவில் செங்கல் கூட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ரேஷன் அரிசிக் கஞ்சியும் முருங்கைக்கீரைத் துவட்டலும் தயார். பொட்டலத்தை வாங்கி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு, அடுப்படியில் நின்ற அம்மா எங்களைப் பார்த்து, “எல்லாரும் ஒரு வா கஞ்சி குடிச்சிட்டுப் போங்க” என்றார்.

“இருக்கட்டும்மா, இன்னும் ரெண்டு ஊர் போகணும், நேரமாயிட்டு” என்றார் எங்களோடு வந்த ஒருவர்.

“அது கெடக்கு. வெறும் வயித்தோட அனுப்புனா எங்களுக்கு நல்லாவா இருக்கும்? ஏ தம்பி, நீ வா, இப்படி உக்காரு.”

தம்பி என்றது வண்டி டிரைவரை. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை, நெற்றியில் திருநீறு. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவர், மறு பேச்சில்லாமல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் நானும் இன்னும் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். மற்றவர்கள் வண்டியருகில் நின்று மணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மா டிரைவருக்கு இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டே பேசினார். சோத்துக்கு இப்போதைக்குக் கஷ்டமில்லை என்றார். அடிபம்பில் சேறு ஏறிவிட்டது, தண்ணீருக்கு ஒரு மைல் நடக்கிறோம் என்றார். குத்தகை வாழை மொத்தமும் சாய்ந்துவிட்டது, வாரவட்டிக்காரன் மழை விட்ட மறுநாளே வந்து நின்றான் என்றார். பொம்பளைப் பிள்ளைகளுக்கு மாற்றுத் துணியும் அந்த மூன்று நாளைக்கு வேண்டியதும் இல்லை என்பதை, ஆண்கள் தள்ளிப்போன பிறகு எங்களோடு உட்கார்ந்த பெண்ணிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். வரிசையில் நின்று பொட்டலம் வாங்கியபோது இதில் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. ‘தோத்திரம் ஐயா’ என்பதோடு சரி. கையில் கரண்டி இருந்தபோது வந்தது.

அடிபம்பைச் சரிசெய்ய ஆள் பிடித்து அனுப்பியது அந்த டிரைவர்தான். அவருக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தாராம்.

இதைச் சொன்னபோது சேகரத்தில் ஒரு மூத்தவர் என்னை மடக்கினார். “பசிக்கிறவனுக்கு முதல்ல சோறு. கரண்டி யார் கையில் இருந்தா என்னவே?” அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. தண்ணீர் கழுத்தளவு நிற்கிறபோது பந்தி பேசிக்கொண்டிருக்க முடியாது. மாடியில் ஏறி நிற்கிறவனுக்குப் பொட்டலத்தை எறியத்தான் வேண்டும். முதல் இரண்டு நாளைக்குப் புளியோதரைதான் வேதாகமம். ஆனால் நாம் மூன்றாம் நாளிலும் எறிகிறோம், முப்பதாம் நாளிலும் எறிகிறோம், வெள்ளமே வராத கிறிஸ்துமஸுக்கும் காலனிக்குப் போய் எறிந்துவிட்டு வருகிறோம். எறிந்து பழகின கைக்கு வேறெதுவும் வரமாட்டேன் என்கிறது. இதை அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார், ஒத்துக்கொண்டாரா என்று சொல்லமுடியாது.

பிறகு கூடின கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. முதல் அவசரம் தாண்டிவிட்டால் பொட்டலம் வேண்டாம். அரிசி, பருப்பு, காய்கறி, ஒரு கேஸ் சிலிண்டர், அடுப்பு, இரண்டு அண்டா கொண்டுபோய் இறக்கிவிடுவோம். அந்த ஊர்ப் பெண்கள் சமைக்கட்டும், யாருக்கு எவ்வளவு என்று அவர்களே பார்த்துக்கொள்ளட்டும். நாமும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவோம். பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரர்கள் உடனே சரி என்றார்கள். முந்நூறு பொட்டலம் கட்டிக் கைவலித்தவர்கள் அவர்கள்தான். அண்டா யாருடையது, திரும்பி வருமா என்பதில் அரை மணி நேரம் போனது. வாடகைப் பாத்திரக் கடையில் எடுத்துவிடலாம் என்று முடிவானது. எல்லாம் முடிந்து ஜெபத்துக்கு எழுந்திருக்கும்போது, அண்டாவில் பேனரை எங்கே கட்டுவது என்று ஒருவர் கேட்டார். வேடிக்கையாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.